ஒரு சாட்சி போதுமா?

சென்ற ஆண்டு ஒரு நாள், அஸர் நேரம். புதிதாக வாடகைக்கு எடுத்திருந்த கிட்டங்கியில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தோம். ஈப்போவிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், தொழவேண்டும், கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டார். இடம் புதிது, நமக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. நமது மருமகன் கைத்தொலைபேசியை எடுத்தான். அதிலிருந்த முள் ஒரு பக்கம் காட்டியது. இரண்டடி நகர்ந்து பார்த்தான். வேறு பக்கம் காட்டியது. கடைப்பையன் தன் தொலைபேசியையும் நீட்டினான். அதுவும் அதே கூத்தாடியது. மூன்றாவதாக வந்தவரும் தம்முடையதை எடுத்துப் பார்த்தார். சுற்றிலும் இரும்பு அடுக்குகள். எந்தக் காந்தமுள்தான் அங்கே நேராக நிற்கும்?

நமது கடைக்குத் தினமும் தேநீர் குடிக்க வரும் பெரியவர் ஒருவர் உண்டு. இளமையில் தொங்காங்கில் சிராங்காக இருந்தவர். வயது எண்பதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் 'நானா'தான். அவர் ஒன்றும் பேசாமல் வாசலுக்குப் போனார். வெயிலைப் பார்த்தார். திரும்பி வந்து கைத்தடியால் ஒரு மூலையைக் காட்டினார்.

"எப்படி நானா கண்டுபிடிச்சீங்க?" என்றான் மருமகன்.

"இந்த மாசத்துல பொழுது எங்கே சாயும்னு தெரிஞ்சா மேற்கு தெரியும் தம்பி. மேற்குக்கும் வடக்குக்கும் நடுவுல நாலு பங்கு வை. மேற்கிலிருந்து ஒரு பங்கு வலது கைப்பக்கம் ஒதுங்கு. அதுதான் நம்ம ஊருக்குக் கிப்லா."

மருமகன் நம்பவில்லை. தெருவுக்கு ஓடி, இரும்பை விட்டு விலகி நின்று, தொலைபேசியை மறுபடி பார்த்தான். அது நானா காட்டிய திசையையே காட்டியது. பினாங்குக்குக் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 22 பாகை. நானாவின் கால்பங்கு கணக்கு சரியே.

அன்று தொழுகை நடந்தது. வந்தவர் சரக்கோடு ஊர் திரும்பினார். ஆனால் நமது மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. நானா இல்லாவிட்டால் அன்று என்ன செய்திருப்போம்? நானாவுக்குப் பின் இதைச் சொல்ல நம்மில் யார் இருக்கிறார்கள்?

இது கிப்லாவோடு நிற்கும் விஷயமன்று. நாம் மதரசாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார்ந்தவர். விஞ்ஞானம் பேசும் தகுதி நமக்கில்லை. ஆயினும் யாரை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி வியாபாரிக்கு உரிய கேள்வியே. அதைச் சகோதரர்களின் முன் வைக்கிறோம்.

வானத்தில் வைத்த முதல்

மலாயா சுதந்திரம் பெற்றது 1957 ஆகஸ்ட் 31ல். அதற்கு ஐந்து வாரங்களுக்குள், அக்டோபர் 4ஆம் தேதி, ரஷ்யர்கள் ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக் கோளை வானில் ஏற்றினார்கள். அன்று அது ஓர் அதிசயம். ஜனங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். இன்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஏனெனில் அது நம் அன்றாடச் செலவுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மழை வருமா என்று பார்ப்பது, தொலைக்காட்சி, கப்பல் வரும் வழி, சாமான் கொண்டுபோகும் பையன் வீடு தேடும் வழி ஆகிய அனைத்திலும் அதன் கை இருக்கிறது.

நம் கண்ணுக்குத் தெரியாத கை ஒன்றும் உண்டு. வழிகாட்டும் ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நமக்கு வழி சொல்வதில்லை. நேரத்தைச் சொல்கின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. நான்கு கோள்களின் நேரக் குறிப்பு வந்து சேரும் தாமதத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தை நமது தொலைபேசியே கண்டுபிடித்துக்கொள்கிறது. இந்தக் கடிகாரங்களை உலகெங்கும் தொலைபேசிக் கோபுரங்களும், வங்கிகளும், மின்சார நிலையங்களும் தத்தம் நேரத்தை ஒத்துப் பார்க்கப் பயன்படுத்துகின்றன. உலகம் முழுவதும் ஒரே மணிக்கூண்டைப் பார்த்து நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அந்த மணிக்கூண்டு பிசகினால்? 2016 ஜனவரி 26ல் அப்படி நேர்ந்தது. பழைய கோள் ஒன்றைக் கழித்தபோது ஏற்பட்ட தவறால், சில கோள்கள் ஒலிபரப்பிய நேரம் 13 மைக்ரோ செகண்டு பிசகியது. ஒரு செகண்டைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் பதின்மூன்று கூறு. அவ்வளவுக்கே பல நாடுகளின் தொலைத்தொடர்பு நிலையங்களில் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் அபாய அறிவிப்புகள் வந்தவண்ணம் இருந்தன. பெருந்தீங்கு நேராததற்குக் காரணம் என்ன? அந்நிலையங்களில் பல, தமக்கென ஒரு சொந்தக் கடிகாரத்தையும் உள்ளே வைத்திருந்தன. வானத்துக் கடிகாரம் பொய் சொன்னபோது வீட்டுக் கடிகாரம் கைகொடுத்தது.

கைமாற்றுக் கதை

நம் இரண்டு ஊர்களையும் தொட்ட கதை ஒன்று உண்டு. இந்தியாவின் இன்சாட்-4பி என்னும் கோள் 2007ல் ஏவப்பட்டது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சன் டைரக்ட் நிகழ்ச்சிகள் அதன் வழியே போய்க்கொண்டிருந்தன. 2010 ஜூலை 7ல் அதன் சூரியத் தகடு ஒன்றிலிருந்து மின்சாரம் வருவது தடைப்பட்டது. அதிலிருந்த 24 அலைபரப்பிகளில் பாதியை அணைத்துவிட நேர்ந்தது. தமிழ்நாட்டில் பெட்டிகள் இருண்டன. அப்போது கைகொடுத்தது யார்? நம் மலேசியாவின் மீசாட்-3. அது இரண்டு பாகை தள்ளி நின்றுகொண்டிருந்தது. மாடியிலிருந்த தட்டுகளை அதன் பக்கம் திருப்பிவைத்த வீடுகளில் படம் மறுபடி தெரிந்தது.

இதைக் கேட்க நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021 ஜூன் 21ல் அதே மீசாட்-3 கோளாறு கண்டது. அதன் வேலைகளை அடுத்திருந்த மற்றக் கோள்களுக்கு மாற்றவேண்டி வந்தது. ஓராண்டு கழித்து, 2022 ஜூன் 22ல், மீசாட்-3டி என்னும் புதிய கோள் ஏவப்பட்டது.

கைமாற்றுக் கொடுத்தவரே கைமாற்றுக் கேட்டு நிற்கும் நாள் வரும் என்பது நம் வியாபாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அதனால்தான் ஒரே மண்டியில் மட்டும் கணக்கு வைத்திருப்பவரைக் கெட்டிக்காரர் என்று நாம் சொல்வதில்லை.

எம்டன் சொன்ன பாடம்

இது புதிய காலத்துத் தொல்லை என்றும் எண்ணவேண்டாம். 1870-71ல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். அதுவரை விலைவாசிச் செய்தி கப்பலேறி வரவேண்டும். கம்பி வந்தபின் அது மணிக்கணக்கில் வந்தது. கம்பியை நம்பி வியாபாரம் வளர்ந்தது. கம்பியை வெட்டினால் எதிரியை முடக்கலாம் என்ற யுத்த புத்தியும் கூடவே வளர்ந்தது.

எம்டன் கப்பலை அறியாத தமிழர் யார்? சாமர்த்தியக்காரனை 'எம்டன்' என்றே இன்றும் சொல்கிறோம். அந்த ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைச் சுட்டது. அக்டோபர் 28 விடியற்காலையில், பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டி வேஷம் போட்டுக்கொண்டு, நம் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. வெளியே போகும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் முடித்தது. அத்தனை எம்டனும் அகப்பட்டது எங்கே? நவம்பர் 9ல், கோக்கோஸ் தீவில். அங்கிருந்த தந்தி நிலையத்தை அழித்துக் கம்பியை வெட்டப் போயிருந்தது. நிலையத்தார் கம்பியை மட்டும் நம்பியிருக்கவில்லை; கம்பியில்லாத் தந்தியும் வைத்திருந்தார்கள். எம்டன் அந்த அலையைக் கலைக்கப் பார்த்தது. ஆயினும் செய்தி போய்விட்டது. சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்தது. எம்டன் அன்றே ஒழிந்தது.

அலையைக் கலைக்கும் அந்தப் பழைய வித்தை இன்று மலிந்துவிட்டது. கோள்களிலிருந்து வரும் குறிப்பு மிக மெல்லியது. அதைவிடச் சற்று உரத்துக் கூவும் சிறு கருவியே அதை அமுக்கப் போதும். 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் மோதிக்கொண்டபோது, ஹோர்முஸ் ஜலசந்திப் பக்கம் நூற்றுக்கணக்கான கப்பல்களின் இடக்குறிப்பு குழம்பியது. கடலில் நின்ற கப்பல்களைத் தரையில் நிற்பதாகப் படம் காட்டியது. அந்த வழியாக வரும் பேரீச்சம்பழத்தையும் எண்ணெயையும் விற்றுப் பிழைக்கும் நமக்கு இது அயலூர்ச் செய்தியா?

சாட்சி என்றால் என்ன?

இனி விஷயத்துக்கு வருவோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்க வேண்டும், சாட்சியும் வைக்க வேண்டும் என்பது பகரா சூராவின் 282ஆம் வசனத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளை. எழுத்து இருக்கும்போது சாட்சி எதற்கு? சாட்சியும் ஏன் ஒருவராக இருத்தல் போதாது? மனிதன் மறப்பவன், ஏடு கிழியும், ஒருவர் தவறினால் மற்றவர் நினைவூட்ட வேண்டும். யாரையும் பொய்யர் என்று சந்தேகித்து வைத்த ஏற்பாடன்று இது. நல்லவரும் தவறக்கூடும் என்பதற்காக வைத்த ஏற்பாடு.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அன்று கிட்டங்கியில் மூன்று தொலைபேசிகள் இருந்தன. ஆனால் மூன்றும் ஒரே இரும்புக்கு நடுவே நின்று ஒரே விதமாகக் குழம்பின. ஒரே கடிதத்தைப் படித்துவிட்டு வந்த மூவர் மூன்று சாட்சிகள் ஆவார்களா? ஆகார். வெயிலைப் பார்த்து வந்த நானாதான் அங்கே இரண்டாம் சாட்சி.

வானத்திலும் இவ்வாறே. அமெரிக்காவுக்கு ஜி.பி.எஸ். இருப்பதுபோல் ரஷ்யாவுக்கு குளோனாஸ், சீனாவுக்கு பெய்டூ, ஐரோப்பாவுக்கு கலிலியோ இருக்கின்றன. 2019 ஜூலையில் கலிலியோ ஏறத்தாழ ஒரு வாரம் படுத்துவிட்டது. கையில் தொலைபேசி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதை உணரவே இல்லை. மற்றக் கோள்கள் தாங்கிக்கொண்டன. அங்கே இரண்டாம் சாட்சி தன் கடமையைச் செய்தது. ஆனால் ஹோர்முஸில் நடந்ததுபோல் ஒருவன் அலையையே கலைத்தால், இந்த நால்வரும் ஒரே சந்தையில் நின்று மெல்லிய குரலில் பேசுகிறவர்களே. ஒரு முரசு அடித்தால் நால்வர் பேச்சும் கேட்காது.

ஆதலால் வானம் கெட்டது, பூமி நல்லது என்று சொல்ல வரவில்லை. 2022 ஜனவரியில் கடலுக்குள் எரிமலை வெடித்து, டோங்கா தீவுகளின் கடலடிக் கம்பி அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்கள் ஆயின. அந்த நாட்களில் அத்தீவாரை உலகத்தோடு சேர்த்துவைத்தவை செயற்கைக் கோள்கள்தாம். அங்கே வானமே இரண்டாம் சாட்சி. எது எதற்குச் சாட்சி என்பது இடத்தைப் பொறுத்தது. ஒன்றே ஒன்றுதான் என்று நிற்பதே ஆபத்து.

வீண் செலவா?

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "பாய், நூறு தடவையில் ஒரு தடவை கெடும் சாமானுக்காக ஆயிரம் பேர் பழைய வித்தையைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டுமா? விற்காத சரக்கை அலமாரியில் அடுக்கிவைப்பது வியாபாரமா?" என்றார்.

நியாயமான கேள்வி. இடம் அடைக்கும் சரக்கின் நஷ்டம் நமக்குத் தெரியாததா? ஒவ்வொருவரும் வெயிலைப் பார்த்துத் திசை சொல்ல வேண்டும், நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்ட வேண்டும் என்றால் அது நடவாத காரியம்.

ஆனால் நம் மார்க்கம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் பர்ளு கிபாயா. ஊரில் ஒரு மையித்து விழுந்தால் எல்லாரும் வந்து குளிப்பாட்ட வேண்டியதில்லை. சிலர் செய்தால் எல்லாருடைய கடமையும் தீர்ந்தது. ஒருவரும் செய்யாவிட்டால் குற்றம் ஊர் முழுவதற்கும். இமாம் கஸ்ஸாலி அவர்கள் மருத்துவத்தையும் கணக்கையும்கூட இந்த வரிசையில் வைத்தார்கள். அவை இல்லாவிட்டால் ஊர் தவிக்கும் என்பதே காரணம். எதை நம்பி ஓர் ஊர் வாழ்கிறதோ, அது தவறும் நாளில் கைகொடுக்கும் அறிவைச் சிலராவது காத்துவைப்பதும் இந்த வரிசையைச் சேர்ந்ததே என்பது நமது எண்ணம். ஆலிம்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வோம்.

ஜி.பி.எஸ்.ஸுக்குச் சொந்தக்காரரே இதை உணர்ந்தார்கள். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, நட்சத்திரம் பார்த்து வழியறியும் பாடத்தை 1990களின் பிற்பகுதியில் கைவிட்டது. 2015ல் அதை மீண்டும் தொடங்கியது. மணிக்கூண்டைக் கட்டியவரே கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொள்ளும்போது, நாம் மட்டும் வெறுங்கையோடு நிற்கலாமா?

மார்க்கச் சட்டமே படிப்படியாக அமைந்திருப்பதைப் பாருங்கள். தண்ணீர் இல்லையேல் தயம்மும். நிற்க முடியாதேல் உட்கார்ந்து தொழுகை. 2007ல் நம் நாட்டு விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, மலேசிய மார்க்க அறிஞர்கள் கிப்லாவுக்கு வகுத்துக் கொடுத்த வழியும் இதுவே. முடிந்தால் கஃபாவை நோக்கட்டும். இல்லையேல் கஃபாவுக்கு நேர் மேலே உள்ள திசையை. அதுவும் இல்லையேல் பூமியை. எதுவும் இயலாதேல் எங்கேனும் நோக்கட்டும். முதல் வழி அடைபட்டால் கடமை நின்றுவிடுவதில்லை. அடுத்த வழி முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. நமது கடைகளில் அப்படி எழுதிவைத்தது ஏதேனும் உண்டா?

யார் தலையில் விடியும்?

இதில் நம்மை உறுத்தும் விஷயம் ஒன்று. ஏற்பாடு தவறும்போது கஷ்டம் சமமாகப் பங்காவதில்லை. பெரிய முதலாளிக்கு மாற்று வழி உண்டு. படகோட்டிக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும், தொலைபேசியே இல்லாத கிழவிக்கும் இல்லை. எந்தக் காரணத்தாலோ ஒரு பிற்பகல் வலையமைப்பு படுத்துக் கட்டம்போட்ட அட்டையில் காசு வாங்க முடியாமற்போனபோது, நமது கல்லாவில் சில்லறை இல்லை. ஐந்து வெள்ளி அரிசிக்கு ஐம்பது வெள்ளித் தாளை நீட்டிய ஒரு மூதாட்டியைத் திருப்பி அனுப்பினோம். சௌகரியத்தைத் தேர்ந்தெடுத்தது நாம். வெயிலில் திரும்பி நடந்தது அவர். அதை நினைக்கும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே இரண்டாம் சாட்சியை வைத்திருப்பது சாமர்த்தியம் மட்டுமன்று. நம்மை நம்பி வருகிறவருக்கு நாம் செலுத்தவேண்டிய அமானத். முதல் ஒட்டகத்தைக் கட்டுவது, பிறகே தவக்குல் என்று சிறு வயதில் ஓதியதும் இதுதானே?

கோளை ஏவுவதும் காப்பதும் அரசாங்கங்களின் வேலை. கடையளவில் நாம் செய்யக்கூடியவை சிறியவை. கல்லாவில் ஒரு நாள் வியாபாரத்துக்குச் சில்லறை வைப்போம். பற்று வரவைத் தொலைபேசியில் எழுதினாலும் நோட்டிலும் எழுதுவோம். வேண்டியவர்களின் எண்களைக் காகிதத்தில் குறித்துச் சுவரில் ஒட்டுவோம். சங்கத்தின் சார்பில் பிள்ளைகளைப் பந்தாய் ஆச்சேயிலுள்ள ஷேக் தாஹிர் வானியல் நிலையத்துக்கு அழைத்துப் போய், பிறை பார்க்கும் வித்தையைக் காட்டுவோம்.

இவ்வாண்டு மே 28ல் ஒரு காரியம் செய்தோம். அன்று சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். நமது ஊரில் அப்போது மாலை ஐந்தேகால் மணி சுமாருக்கு இருக்கும். எஸ்பிளனேடு திடலில் மருமகன் ஒரு குச்சியை நேராக நட்டான். நிழலின் நுனியில் நின்று குச்சியின் அடியை நோக்கினால் அதுவே கிப்லா. கடிகாரம் இரண்டு நிமிஷம் தப்பினாலும் மோசமில்லை. பக்கத்துக் கடைப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நானா நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகன் தொலைபேசியையும் எடுத்துப் பார்த்து, "நானா, இதுவும் அதையேதான் காட்டுது" என்றான்.

"அப்போ சாட்சி ரெண்டாச்சு. வச்சுக்கோ" என்றார் அவர்.

சூரியன் மறுபடி அந்த இடத்துக்கு வருவது ஜூலை 16ல், மாலை ஐந்தரைக்குச் சற்று முன். அன்றும் திடலில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். கடையில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வாருங்கள். குச்சி நாம் கொண்டுவருகிறோம்.